பங்குனி ஆமையை விட்டுக் கானமயில் கட்சிக்குப் போனேன்

படிக்காதவன் முன்னுக்கு வந்துவிட்டால் அவனுக்கு ஒரு வியாதி வரும். தெரியாத விஷயத்தைத் தெரிந்த மாதிரிப் பேசுவான். (படித்தவனுக்கும் இந்த வியாதி உண்டு. ஆனால் அவனுக்கு நாற்காலி போட்டுச் சம்பளமும் கொடுத்துவிடுகிறார்கள்.) எனக்கு அது முற்றிப்போய், ஒரு நாள் பட்டப்பகலில், என் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, ஆபரேஷன் மேஜை வரைக்கும் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது. யாரும் பிடித்துத் தள்ளவில்லை. நானே ஏறிப் படுத்தேன்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் ஒரு குப்பம். அங்கே பிறந்தவன் நான். பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி; மூன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு என் முகமே தெரியாது. கும்மிடிப்பூண்டி மேட்டில் முள்ளுக்காட்டை வெட்டித் தள்ளிக் கம்பெனிக்காரர்கள் ஷெட் போட ஆரம்பித்த நாளில், வலையை என் மச்சான் கையில் கொடுத்துவிட்டு, ஒரு கடப்பாரையோடு போய் நின்றேன். மண் சுமந்தேன். ஜல்லி உடைத்தேன். அப்புறம் ஆள் பிடித்துக் கொடுத்தேன். அப்புறம் மேஸ்திரி. அப்புறம் லேபர் காண்டிராக்டர். அந்த வட்டாரத்தில் இன்றைக்கு நிற்கிற பழைய ஷெட்டுகளைத் தட்டிப் பாருங்கள், பாதி என் பெயரைச் சொல்லும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (பெருமைக்காகத்தான் சொல்கிறேன். வேறு எதற்கு?)

எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த கதை இது. அப்போது எனக்கும் என் வீட்டுக்காரி தேசம்மாவுக்கும் ஒரே ஒரு பெண், செல்வி. ஐந்து வயசு. அவளுக்குப் பிறகு தங்கவில்லை. தேசம்மாவுக்கோ இன்னொரு பிள்ளை வேண்டும். அவள் பிறந்த வீட்டில் ஏழு பேர். சோற்றுப் பானையைச் சுற்றி அடித்துக்கொண்டு வளர்ந்தவள். "ஒத்தப் புள்ள கீற ஊடு இன்னாயா ஊடு? சண்ட போடக்கூட ஆளில்லாம அது பாட்டுக்குச் செவுத்தப் பார்த்துக்கினு குந்திக்கினு கீது" என்பாள். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். உடம்பில் துணிக்குப் பதிலாக வேப்பிலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவதாக நேர்ந்துகொண்டாள். எனக்கும் ஆசைதான். என் பெயர்ப் பலகையில் 'அண்டு சன்' என்று ஒரு வார்த்தை சேர்க்க இடம் விட்டே எழுத வைத்திருந்தேன்.

இது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆமைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த கம்பெனி மேனேஜர் ராஜஸ்தான் பாலைவனத்துப் பக்கத்து மனிதர். நாங்கள் சேட்டு என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர்தான். இரண்டாவது ஷெட் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயம், கடலை இதுவரை கிட்டத்தில் பார்த்ததில்லை என்று சொன்னார். விடுவேனா? பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர், அவர் மனைவி, ஐந்து பிள்ளைகள் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றி, ஏரியில் படகு பிடித்து, என் குப்பத்துக் கரையில் கொண்டுபோய் இறக்கினேன்.

சேட்டு மணலைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "மேஸ்திரி, இங்கே லாரி எப்படி வந்துச்சி?"

லாரி இல்லை. கடலிலிருந்து ஏறி வந்து திரும்பிப் போன ஆமையின் தடம். அப்படியே டயர் தடம் மாதிரி இருக்கும். பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்வோம். எங்கள் குப்பத்தில் தாய் ஆமை வலையில் சிக்கினால் மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டு, கடலிலேயே விட்டுவிடுவார்கள். ஆனால் முட்டை விஷயத்தில் அவ்வளவு பக்தி கிடையாது.

நான் ஒரு குச்சியை எடுத்து மணலைக் குத்திப் பார்த்து, பதமாக இறங்கிய இடத்தில் தோண்டினேன். வெள்ளை வெளேரென்று, டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி முட்டைகள். அழுத்தினால் உடையாது, குழி விழும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன. சேட்டு மட்டும் சிரிக்கவில்லை. அவர் முட்டை என்ற வார்த்தையைக்கூடச் சாப்பிடாத குடும்பம்.

"இதுக்கு மா எங்கே?"

"கடல்ல சார்."

"எப்போ வரும்?"

"வராது சார். நூறு முட்டைக்கு மேல போடும். மண்ணத் தள்ளி மூடும். மேல ஒடம்பால டமடமன்னு தட்டிச் சமன் பண்ணிட்டுப் போய்டும். அவ்ளோதான்."

"அரே! நூறு பச்சா, ஒரு வாட்ச்மேன் கூட இல்லியா?"

அப்புறம்தான் அவர் தம் ஊர்ப் பறவையைப் பற்றிச் சொன்னார். கோடாவண் என்று ஏதோ பெயர். (கானமயில் என்று தமிழில் அதற்கு ஒரு பெயர் இருப்பதைப் பல வருஷம் கழித்து செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.) அதன் உயரத்தைக் காட்ட, தன் மூன்றாவது பிள்ளையின் தலைமேல் கை வைத்தார். நடந்தே திரியுமாம், அவசரம் என்றால்தான் பறக்குமாம். கூடு கட்டாது, புல் முளைத்த கட்டாந்தரையில் ஒரே ஒரு முட்டை. "ஒண்ணு! சாலுக்கு, ஒரு வருஷத்துக்கு, ஒண்ணுதான்! மா எங்கேயும் போகாது. வெயில்லே உக்காரும். மாடு மிதிக்க வந்தா எறக்கை பெருசாக்கி நிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. என் கரையில் நின்றுகொண்டு என் ஆமையைக் குறை சொல்கிறார். "சார், எங்க ஆமை முட்டை போடசொல்லோ கண்ணுல தண்ணி வுட்டுக்கினே போடும். அவ்ளோ பாசம்" என்றேன்.

"ரோனா எதுக்கு? அழுறதுக்குப் பதிலா நிக்கலாமே" என்றார் சேட்டு.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் வரைக்கும் நான் ஆமைக் கட்சி. திங்கட்கிழமை காலையில் கட்சி மாறினேன்.

காரணம், திங்கட்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டு, கம்பெனி மைதானத்தில் குடும்பக் கட்டுப்பாடு முகாம் நடக்கப் போகிறது என்றார். "உன் ஆளுங்க வரணும், மேஸ்திரி." என் ஆட்களோ வெள்ளை வேனைத் தூரத்தில் கண்டாலே எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி ஆந்திராவுக்கு ஓடிவிடுகிறவர்கள். டாக்டர்கள் சிவப்பு முக்கோணத்தைக் காட்டிப் பேசினால் ஒருத்தன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

"நான் பேசறேன் சார்" என்றேன்.

"நீ என்ன பேசுவே?"

"உங்க பறவையைப் பத்திப் பேசறேன்."

சேட்டு முகம் பூரித்துப் போயிற்று. இரண்டாவது ஷெட்டே என் மடியில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

முகாம் அன்று விடிகாலையிலேயே தேசம்மா தெருப் பெண்களோடு பெரியபாளையத்துக்குக் கிளம்பினாள். செல்வியும் கூடப் போனாள். கிளம்புமுன் தேசம்மா வாசலில் நின்று கேட்டாள்.

"யோவ், நீயும் வந்தா அம்மாவுக்கும் மனசு எறங்கும். ரெண்டு பேரும் சேர்ந்துதானே கேக்கணும்?"

"வேலை கீது."

"இன்னா வேலை?"

"மீட்டிங்கு. நான்தான் முக்கியப் பேச்சாளர்."

"பேச்சாளரா? சரிதான். அங்க நீ பேசு, கோயில்ல நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். என்ன மீட்டிங் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மைக் பிடிக்கப்போகிற சந்தோஷத்தில் எனக்கே அது நினைவில்லை என்பதுதான் நிஜம்.

பந்தல் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் திரை கட்டி, உள்ளே மேஜை. முன்னால் ஒரு பெஞ்சில் வரிசையாகப் பிளாஸ்டிக் வாளிகள். ஆபரேஷன் செய்துகொண்டவனுக்கு ஒரு வாளி பரிசு. பிளாஸ்டிக் வாளி புதிதாக வந்த காலம். ஊரில் எல்லார் வீட்டிலும் இரும்பு வாளிதான். அந்த நீல வாளி ஒரு வீட்டுக்குள் போனால் எதற்காகப் போனது என்று தெருவுக்கே தெரியும்.

சேட்டு நடுநாற்காலியில் உட்கார்ந்தார். என் ஆட்கள் எதிரே தரையில். அவர்களில் ஏழுமலையும் உண்டு. தேசம்மாவின் தம்பி, என் மச்சான். வலையில் மீன் குறைந்த மாதங்களில் என்னிடம் வேலைக்கு வருவான். நான் கடலை விட்டு வந்ததில் அவனுக்கு உள்ளூர ஒரு கோபம் எப்போதும் உண்டு.

மைக்கைப் பிடித்தேன். பேசினேன். எப்படிப் பேசினேன் என்கிறீர்கள்! கட்சிக்காரர்கள் பிச்சை வாங்க வேண்டும்.

"அண்ணமாருங்களே! பங்குனி ஆமைய நீங்கள்லாம் பார்த்துக்கிறீங்க. நூறு முட்டை போடுது. நாயி துன்னுது, நரி துன்னுது, நாமளும் துன்றோம். தப்பிச்சிப் பொரிஞ்சது கடலுக்கு ஓடசொல்லோ நண்டு இழுக்குது, காக்கா தூக்குது. ஆத்தாக்காரி எங்க? அவ போய்ட்டா! இப்போ பாலைவனத்துல ஒரு பறவை கீது. நம்ம மேனேஜர் ஐயா ஊரு. ஒரே முட்டை! ஆத்தா டே ஷிஃப்ட், அப்பன் நைட் ஷிஃப்ட். மாத்தி மாத்திக் காவல். அந்தக் குஞ்சு ராஜா மாதிரி வளருது. நீங்க ஆமையா இருக்கப் போறீங்களா, பறவையா இருக்கப் போறீங்களா?"

(அப்பன் நைட் ஷிஃப்ட் என்று சேட்டு சொல்லவே இல்லை. வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது.)

கைதட்டல். அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. "ஆபரேஷனுக்கு ஏன் பயப்படறீங்க? பம்ப்செட்ல கேட் வால்வு கீது இல்ல? அதேதான். மூடறாங்க, தண்ணி நிக்குது. நாளைக்கு வேணும்னா தொறந்துக்கோ!"

(இதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் திரைக்குப் பின்னால் இருந்தார். ஆனால் சொல்லி முடித்ததும் எனக்கே அது நியாயமாகப் பட்டது. அந்த நிமிஷத்திலிருந்து நான் அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். பொய் சொல்கிறவர்களில் இரண்டு வகை. நான் இரண்டாவது வகை. முதலில் ஏமாறுகிறவன் நானாகத்தான் இருப்பேன்.)

ஏழுமலை எழுந்து நின்றான். "மாமா, ஒரு டவுட்டு."

"கேளு மச்சான்."

"உன் சேட்டுக் குருவி ஒண்ணே ஒண்ணு போடுதுன்ற. சரி. அத்த நரி தூக்கிக்கினு போய்ட்சின்னா?"

"அதான் காவல் கீதே!"

"காவல் கீற ஆளு கண்ணசந்தா? அந்த வருஷம் பூரா ஆத்தாக்காரி வெறும் மண்ணுமேல குந்திக்கினு இருக்கணுமா? ஆமையப் பாரு. எத்தினி போனாலும் ஒண்ணு ரெண்டு தண்ணிக்குப் போய்ச் சேந்துடும். அதுக்குக் கடலப் பத்தித் தெரியும் மாமா. தெரிஞ்சிக்கினுதான் நூறு போடுது."

சிரிப்பு கிளம்பியது. பின்வரிசையிலிருந்து ஒருத்தன் கேட்டான்: "சேட்டுக்கு எத்தினி புள்ளைங்க நைனா?"

"அஞ்சு!" என்றான் இன்னொருத்தன்.

"அப்போ சேட்டுதான் ஆமை!"

பந்தலே அதிர்ந்தது. சேட்டுக்குத் தமிழ் அவ்வளவு வேகமாகப் புரியாது. தம்மைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொல்கிறார்கள் என்று அவரும் சிரித்துக் கைதட்டினார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "டேய், சத்தம் போடாதீங்கடா!"

ஏழுமலை விடவில்லை. "கோச்சிக்காத மாமா. நீ சொல்லு. நீ ஆமையா, குருவியா?"

"நான் பறவை ஜாதிடா!"

"அப்போ சரியாப் போச்சி. உன் முட்டை ஒண்ணு ஆயிட்சி. போய் வால்வ மூடிக்க. நாங்க பின்னாலயே வரோம்."

விசில் அடித்தார்கள். சேட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தமோ, எனக்கு இரண்டாவது ஷெட் தெரிந்தது. மைக்கை வைத்துவிட்டு நடந்தேன். மேடையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன், திரைக்குப் பக்கத்தில் போகப் போக நெஞ்சு தானாக இறங்கியது.

அங்கே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "எத்தனை குழந்தைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ரெண்டுக்குக் கம்மின்னா இங்கே செய்ய மாட்டோம். சட்டத்துல இடமில்லை."

அப்பாடா! பெரியபாளையத்து அம்மனே வழி விட்டுவிட்டாள். 'ஒண்ணுதான் சார்' என்று சொல்லிவிட்டு, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வருத்தப்படுகிற மாதிரி நடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். நாக்கு நுனியில் அந்த வார்த்தை வந்து நின்றது.

அப்போது பின்னாலிருந்து ஏழுமலை குரல்: "பார்றா, மாமா மூஞ்சில இப்பத்தான் உசுரு வருது!"

மறுபடி சிரிப்பு.

"மூணு" என்றேன் நான்.

குமாஸ்தா எழுதிக்கொண்டார். ஏழுமலையின் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கையைப் பிடித்தான். "மாமா, இன்னா மாமா, நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். அக்கா கோயிலுக்குப் போயிக்கீது. இன்னாத்துக்குப் போயிக்கீதுன்னு உனுக்குத் தெரியாதா? வா போலாம்."

"ஏன், இப்போ உன் மூஞ்சில உசுரு போச்சா?" என்று கேட்டுக் கையை உதறினேன்.

"சம்சாரத்துக்குச் சம்மதமா?" என்றார் குமாஸ்தா.

"என் ஊட்ல நான் சொல்றதுதான் சட்டம்."

டாக்டர் சின்ன வயசுக்காரர். ஊசி போட்டார், ஏதோ வெட்டினார், கட்டினார். ஒரு மனிதன் பல்லைப் பிடுங்கிக்கொள்கிற நேரம்கூட ஆகவில்லை. அத்தனை பெரிய விஷயத்துக்கு அவ்வளவு சின்ன நேரம். "திறக்கறதுக்கு எப்ப வரணும் சார்?" என்று கேட்டேன். அவர் நான் ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முதுகில் தட்டினார்.

வெளியே வந்தேன். சேட்டு எழுந்து மாலை போட்டார். ஆனால் நான் நடந்து வந்த நடை இருக்கிறதே, இரண்டு காலுக்கும் நடுவே ஒரு பானையைச் சுமந்து வருகிறவன் மாதிரி, அதைப் பார்த்ததும் வரிசையில் நின்ற நாலைந்து பேரும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார்கள். அன்றைக்கு என் ஆட்களில் ஆபரேஷன் நடந்தது ஒரே ஒரு ஆளுக்கு. அந்த ஆள் நான்.

மாலையோடு சேட்டிடம் கேட்டேன். இந்த நேரத்திலாவது ஒரு பெருமை வேண்டும் எனக்கு. "சார், உங்க ஊர்ல அந்த ஆம்பளப் பறவையும் ராத்திரில முட்டைக்குக் காவல் இருக்கும் இல்ல?"

"ஆம்பளையா?" சேட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நஹி நஹி. அவன் தொண்டையிலே பை இருக்கு. அதை ஊதி ஊதிப் பெருசாக்கி, பூம் பூம்னு கத்தி, மேடு மேல ஏறி நடப்பான். எல்லாரும் பாக்கணும்! அவ்ளோதான் அவன் வேலை. முட்டை, பச்சா, எதுவும் அவனுக்குத் தெரியாது."

ஜல்லி ஏற்றி வந்த லாரியில்தான் வீட்டுக்குப் போனேன். மருந்தின் மரமரப்பு பாதி வழியிலேயே விட்டுவிட்டது. அந்த ரோட்டில் அன்றைக்கு இருந்த ஒவ்வொரு பள்ளமும் எனக்கு இன்றைக்கும் தனித்தனியாகத் தெரியும். (பின்னால் அதே ரோட்டைப் போடும் காண்டிராக்ட் எனக்கு வந்தபோது நான் போட்ட ரோடு மாதிரி இந்த ஜில்லாவில் யாரும் போட்டதில்லை. ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.)

நான் போய்ப் பாயில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் தேசம்மா வந்தாள். உடம்பெல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் மணக்க, நெற்றி நிறையக் குங்குமம். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

"பூ கேட்டேன்யா! அம்மா வலது பக்கம் குடுத்துட்டா. பூசாரியே சொன்னாரு, வாக்கு குடுத்துட்டா, இனிமே கவல இல்லன்னு." அப்போதுதான் ஆணியில் தொங்கிய மாலையைப் பார்த்தாள். "இன்னாயா மாலை? ஷெட் வேலை கெடச்சிச்சா?"

நான் தலையை எப்படி ஆட்டினேனோ தெரியாது. அவளுக்கு ஆமாம் என்று பட்டுவிட்டது. "ரெண்டும் ஒரே நாள்ல! பாத்தியா அவ சக்திய!" என்று அடுப்பைப் பற்றவைத்துக் கேசரி கிளற உட்கார்ந்துவிட்டாள். முந்திரி வாங்கக் கடைக்குப் போன செல்வி, எங்க ஊட்ல கேசரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

வாசலில் நிழல் தட்டியது. ஏழுமலை. உள்ளே வரவில்லை.

"இன்னாடா அங்கயே நிக்கிற? உள்ள வா, உங்க மாமாவுக்கு வேலை கெடச்சிக்கீது. கேசரி துன்னு."

அவன் கையை முன்னால் நீட்டினான். லாரியில் நான் விட்டுவிட்டு வந்ததைக் கையில் எடுத்து வந்திருந்தான். நீல வாளி.

தேசம்மா வாளியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். கால் அகட்டிப் படுத்திருந்த என்னைப் பார்த்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"நான் வெளையாட்டுக்குத்தான்கா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏழுமலை அழுதான். மீசை வைத்த ஆம்பிளை, நடுவாசலில்.

அவள் அவனைத் திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஒரு புள்ள இருந்தா செய்யமாட்டாங்களே. எத்தினின்னு கேக்கலியா?"

"கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

"மூணு."

"மூணா?" என்றாள். "ஒண்ணு கடைக்குப் போயிக்கீது. மிச்சம் ரெண்டும் எங்கய்யா?"

கேசரி அடிப்பிடித்துத் தீய்கிற வாசனை வந்தது. யாரும் எழுந்து போய் இறக்கவில்லை.

அந்த வாளியை அவள் வீட்டுக்குள் விடவில்லை. சைட்டில் போட்டு சிமென்ட் தண்ணீருக்கு வைத்துக்கொண்டோம். இரண்டாவது ஷெட் வேலை வேறொருத்தனுக்குப் போயிற்று. "பேச்சு நல்லா இருக்கு மேஸ்திரி, ஆள் வரலே" என்றார் சேட்டு. வால்வைத் திறக்க மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். நான் கேட் வால்வு கணக்கைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஒட்டிப் பார்க்கலாம், நிச்சயம் சொல்ல முடியாது என்றார். ஒட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. தேசம்மா ஆடிக்கு ஆடி வேப்பிலை கட்டிக்கொண்டு போய் வந்தாள். அப்புறம் ஒரு ஆடியில் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

மற்றபடி எனக்கு என்ன குறை? லாரி வாங்கினேன், மனை வாங்கினேன், பெரிய வீடு கட்டினேன். செல்வியைப் படிக்க வைத்தேன்; திருநின்றவூரில் இருந்துகொண்டு தினம் ரயிலில் போய் ஆபீசில் உத்தியோகம் பார்த்தாள். என் பெயர்ப் பலகையில் 'அண்டு சன்' என்று எழுத விட்ட இடத்தில் ஒரு பூ வரைந்து அடைத்துவிட்டோம். பார்க்கிறவர்கள் அழகாக இருக்கிறது என்கிறார்கள்.

ஆமையைப் பற்றியும் அந்தப் பறவையைப் பற்றியும் நான் நிறைய யோசித்திருக்கிறேன். படுத்தால் தூக்கம் வராத வயசில் வேறு என்ன வேலை? ஆமை நூறு போட்டுவிட்டுப் போகிறது, பறவை ஒன்றைப் போட்டுவிட்டு நிற்கிறது. எது சரி என்று நானும் ஏழுமலையும் சாகிற வரைக்கும் சண்டை போடுவோம். ஆனால் அந்தப் பந்தலில் ஒருத்தனும் ஆண்களைப் பற்றிப் பேசவில்லை. ஆண் ஆமை கடலுக்குள் போனால் போனதுதான், கரை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. ஆண் பறவை மேட்டில் ஏறித் தொண்டைப் பையை ஊதிக்கொண்டிருக்கிறது. முட்டையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். ஒன்றுக்குச் சத்தம் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பறவையை நான் இன்றுவரைக்கும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பறவைக்கு வக்கீலாக நின்று, வீட்டு வழக்கில் தோற்றவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள். செல்வி கல்யாணத்தில் போட்டோக்காரர், "பொண்ணுகூடப் பொறந்தவங்கள்லாம் வாங்க" என்று கூப்பிட்டார். தேசம்மா பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டே, "ரெண்டு பேர் கீறாங்கப்பா. எங்கன்னு அவங்க அப்பாவத்தான் கேக்கணும்" என்றாள். சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஏழுமலை மட்டும் மண்டபத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டான். அதிலிருந்து எந்த விசேஷம் ஆனாலும் இதே கதைதான். யார் வந்து எத்தனை பிள்ளை என்று கேட்டாலும், "அவரு கணக்குக்கு மூணு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

போன பொங்கலுக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். என் மருமகப்பிள்ளை வேடிக்கைக்காரர். தேசம்மா குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தபோது சும்மா இல்லாமல், "அத்தே, வருஷக்கணக்கா சொல்லிக்கினு கீறீங்களே, எங்க மச்சானுங்க ரெண்டு பேருக்கும் பேராச்சும் வெச்சீங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரிக்கத் தயாராக இலையிலிருந்து நிமிர்ந்தார்கள்.

"ஒண்ணு மச்சான், ஒண்ணு பொண்ணு" என்றாள் தேசம்மா. அப்புறம் இரண்டு பெயர் சொன்னாள். யோசிக்கவே இல்லை. தினமும் கூப்பிட்டுப் பழகின மாதிரி இரண்டு பெயரும் வாயிலிருந்து வந்தன. சொல்லிவிட்டு அடுத்த இலைக்குக் குழம்பு ஊற்றப் போய்விட்டாள்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அந்தப் பெயர்களை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.